கரண்ட் பில், தண்ணி பில் கட்ட முடியாதபோது: பெங்களூரில் யாரிடம், எப்படிக் கேட்பது

வேலை போய்விட்டது, ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிட்டது, இரண்டு மாதச் சம்பளம் நிலுவை. இப்படி ஏதாவது ஒன்று நடந்தால் முதலில் தள்ளிப்போடப்படுவது கரண்ட் பில்லும் தண்ணி பில்லும்தான். தள்ளிப்போடுவது தப்பில்லை. சத்தம் காட்டாமல் தள்ளிப்போடுவதுதான் தப்பு. லைன்மேன் வந்து நிற்பதற்கு முன்னால் எழுத்தில் ஒரு மனு கொடுத்தவருக்குக் கிடைக்கும் அவகாசம், வந்தபின் வாசலில் நின்று கெஞ்சுபவருக்குக் கிடைக்காது. அல்சூர், ஸ்ரீராமபுரம், ஈஜிபுரா, ராமமூர்த்தி நகர் என்று எங்கே குடியிருந்தாலும் வழிமுறை ஒன்றுதான்.

முதலில் எது அவசரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மின்சாரம்தான் சீக்கிரம் துண்டிக்கப்படும். 2024 செப்டம்பரிலிருந்து பெஸ்காம், அதாவது பெங்களூரின் மின் விநியோக நிறுவனம், வைத்திருக்கும் முறைப்படி, பில் வந்து முதல் 15 நாளுக்கு வட்டியில்லை, அடுத்த 15 நாள் வட்டியோடு. அதற்கும் கட்டாவிட்டால், அடுத்த மாத ரீடிங் எடுக்க ஆள் வரும்போதே லைன்மேனும் கூட வந்து துண்டித்துவிடுவார். தண்ணீரில் இந்த வேகம் இல்லை, ஆனால் பாக்கிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். காஸுக்கு முன்பணம் என்பதால் பாக்கி என்ற பேச்சே இல்லை. ஆகவே கையில் இருப்பது 1,500 ரூபாய்தான் என்றால், பெரும்பகுதி மின்சாரத்துக்கு, ஒரு சிறு தொகை தண்ணீர் பாக்கிக்கு என்பதே சரியான வரிசை.

பில்லை முதலில் படியுங்கள்

பில்லில் பார்க்க வேண்டியது தொகையை மட்டும் அல்ல. பத்து இலக்க அக்கவுண்ட் ஐடி, ஆர்.ஆர். நம்பர் (இணைப்பின் பதிவு எண்), அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட், முந்தைய ரீடிங் தேதி, இந்த ரீடிங் தேதி, பாக்கி என்ற வரி. இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் எந்த அலுவலகத்திலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டண ஆணைப்படி 2025-26-இல் பெஸ்காம் வீட்டு இணைப்புக்கு யூனிட் 5.80 ரூபாய். முன்பிருந்த ஸ்லாப் முறை இப்போது இல்லை. இதோடு ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 145 ரூபாய் நிரந்தரக் கட்டணம், ஓய்வூதியத்துக்கான கூடுதல் கட்டணம் யூனிட்டுக்கு 36 பைசா, 9 சதவீத மின்வரி, மாதத்துக்கு மாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டல். 2 கிலோவாட் லோடு உள்ள வீட்டில் 90 யூனிட் ஓடினால், எரிபொருள் தொகையை விட்டுவிட்டு, ஏறக்குறைய 890 ரூபாய் வரும். அதில் 290 ரூபாய், விளக்கே போடாவிட்டாலும் வரும் பணம்.

அந்த 290-இல் கை வைக்க ஒரு வழி உண்டு. சில வீடுகளில் எப்போதோ ஏசி போடலாம் என்று நினைத்து 4, 5 கிலோவாட் லோடு வாங்கி வைத்திருப்பார்கள். உண்மையில் 2 போதும் என்றால் லோடு குறைப்புக்கு வீட்டு ஓனர் பெஸ்காம் சப்டிவிஷன் ஆபீசில் மனு போடலாம். 5-லிருந்து 2-க்கு இறக்கினால் மாதம் 435 ரூபாய் மிச்சம். மாநில அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் பூஜ்ய பில் வரும் வீட்டுக்கு இதனால் லாபமில்லை, முழு பில் கட்டும் வீட்டுக்கு நல்ல லாபம்.

பில் திடீரென எகிறியிருந்தால், கடன் வாங்கப் போவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். பெரும்பாலான ஒற்றை ஃபேஸ் மீட்டர்களில் 3,200 சிமிட்டல் ஒரு யூனிட். எண் மீட்டர் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். விளக்கு அசையாமல் இருந்தால் சரி. சிமிட்டினால், மீட்டருக்கு அடுத்துள்ள மெயினையும் அணையுங்கள். அப்போது நின்றுவிட்டால் வீட்டு வயரிங்கில் கசிவு, அல்லது மாடிப் படி விளக்கோ பக்கத்துப் போர்ஷனோ உங்கள் லைனில் இருக்கிறது. மெயினை அணைத்தும் சிமிட்டினால் மீட்டரையே சந்தேகப்படலாம். 75 வாட் ஃபேன் ஒன்று நிமிடத்துக்கு நான்கு தடவைதான் சிமிட்ட வைக்கும். 2 கிலோவாட் கீசர் நூறைத் தாண்டும். எது பணத்தைத் தின்கிறது என்பது அந்த விளக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பெங்களூர்க் குளிரில் குற்றவாளி அநேகமாக கீசர்தான். தினமும் மொத்தம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதம் 60 யூனிட். காஸ் விலையைப் பார்த்து இண்டக்‌ஷனுக்கு மாறிய வீடுகளிலும் இதே கதை.

"டோர் லாக்" என்று பில்லில் இருந்தால், ஆள் உள்ளே வர முடியாமல் சராசரி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தேதி தெரியும்படி மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு செக்‌ஷன் ஆபீசுக்குப் போனால் உண்மை ரீடிங்குக்குத் திருத்தித் தரக் கேட்கலாம். ஊருக்குப் போகும் குடும்பங்கள் தீபாவளி, பொங்கலுக்கு அடுத்த பில்லை இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

கிருஹ ஜோதி: 200 யூனிட் என்று நினைத்தால் ஏமாற்றம்

மாநில அரசின் கிருஹ ஜோதி 2023 ஜூலை பயன்பாட்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கஷ்டத்தில் உள்ள குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி மின்சாரத்தில் கிடையாது. ஆனால் "எல்லாருக்கும் 200 யூனிட் இலவசம்" என்று புரிந்துகொண்டவர்கள்தான் பில் வந்ததும் திகைக்கிறார்கள்.

200 என்பது உச்சவரம்பு. உங்கள் வீட்டுக்கு உரிய இலவச அளவு வேறு: 2022-23 நிதியாண்டில் அந்த இணைப்பின் மாதச் சராசரி, அதோடு 10 சதவீதம் (சராசரி 48 யூனிட்டுக்குள் என்றால் சதவீதத்துக்குப் பதில் 10 யூனிட்). சராசரி 80 என்றால் உங்கள் அளவு 88. அந்த மாதம் 95 ஓடினால் 7 யூனிட்டுக்கு மட்டும் பணம். 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். அளவு 180 உள்ள வீடு 200 யூனிட் ஓட்டினால் 20 யூனிட்டுக்குக் கட்டினால் போதும், நூற்றுச் சொச்சம் ரூபாய்தான். அதே வீடு 201 ஓட்டினால் 2 கிலோவாட் லோடுக்கு 1,600 ரூபாய்க்கு மேல். ஒரே ஒரு யூனிட் வித்தியாசம்! ரீடிங் எடுக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே மீட்டரைப் பார்த்து, போன ரீடிங்கைக் கழித்து, 170, 180-இல் நிற்கிறோமா என்று கணக்குப் பார்ப்பது இதற்காகத்தான். தாண்டும்போல் இருந்தால் அந்த ஒரு வாரம் கீசருக்கு விடுமுறை.

ரீடிங் எடுப்பவர் தாமதமாக வந்து 35, 36 நாளுக்குச் சேர்த்து எழுதி, அதனால் 200 தாண்டியிருந்தால் சும்மா கட்டிவிடாதீர்கள். இரண்டு ரீடிங் தேதிகளையும் குறிப்பிட்டு, நாள் கணக்கில் பிரித்துப் போடும்படி சப்டிவிஷனில் எழுதிக் கேளுங்கள்.

இந்த அளவு வீட்டு இணைப்போடு ஒட்டியது, உங்களோடு அல்ல. தனியாள் ஒருவர் குடியிருந்து மாதம் 30 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு ஐந்து பேர் குடும்பமாகப் போனால் அந்தக் குறைந்த அளவுதான் கிடைக்கும். பழைய கணக்கே இல்லாத புது இணைப்புக்கு மாநில சராசரியான 53 யூனிட்டும் 10 சதவீதமும், அதாவது 58 யூனிட். வீடு பார்க்கும்போது வாடகை, அட்வான்ஸ் பேசும் அதே மூச்சில் "கரண்ட் பில் ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டுவிடுங்கள். இலவச அளவும் தெரியும், பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன பாக்கியும் தெரியும்.

வாடகைக்கு இருப்பவரும் வாங்கலாம். வீட்டு உபயோக இணைப்பாக இருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு இணைப்புதான். தேவையானது ஆதார், அதோடு இணைந்த போன் நம்பர், அந்த வீட்டின் அக்கவுண்ட் ஐடி, வாடகை ஒப்பந்தம் அல்லது அந்த முகவரியில் உள்ள வாக்காளர் அட்டை. மாநில அரசின் சேவா சிந்து இணையதளத்தில் நீங்களே பதியலாம். பெங்களூர் ஒன் மையத்திலும் பதிந்து தருவார்கள்.

எங்கே சிக்குகிறது? முதலாவது ஓடிபி. ஆதாரில் உள்ள போன் நம்பர் எப்போதோ ஊரில் வாங்கிய சிம்மாக இருக்கும். ஆதார் மையத்தில் நம்பரை மாற்றாமல் மேலே நகரவே முடியாது. இரண்டாவது, நீங்கள் முன்பு குடியிருந்த வீட்டோடு உங்கள் ஆதார் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது. 2024-இல் சேவா சிந்துவில் டி-லிங்க் வசதி வந்துவிட்டது; பழைய இணைப்பை விடுவித்துவிட்டுப் புதியதில் பதியுங்கள். மூன்றாவது இதன் மறுபக்கம்: நீங்கள் புகுந்த வீட்டில் பழைய குடித்தனக்காரரின் ஆதார் இருப்பது. அவரை ஓனர் மூலம் பிடித்து டி-லிங்க் செய்யச் சொல்வதுதான் சீக்கிர வழி. ஆள் அகப்படாவிட்டால் வாடகை ஒப்பந்தத்தோடு சப்டிவிஷன் ஆபீஸ். வீடு காலி செய்யும்போது நீங்களும் டி-லிங்க் செய்துவிட்டுப் போனால் அடுத்தவருக்குப் புண்ணியம், உங்களுக்கும் புது வீட்டில் தொல்லையில்லை.

திட்டத்தில் இருந்தாலும், கட்ட வேண்டிய மீதத் தொகையைக் கட்டாவிட்டால் துண்டிப்பு உண்டு. "நமக்குத்தான் இலவசமாச்சே" என்று சின்ன பில்லை மறந்து இருட்டில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

முன்புறம் சின்னக் கடை போட்டோ, வீட்டிலேயே தையல் யூனிட் வைத்தோ வீட்டு லைனில் ஓட்டினால், ஆய்வில் தெரியும்போது கட்டண வகை மாறும், திட்டமும் போகும். கஷ்ட காலத்தில் தொழில் தொடங்குபவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

ஒரே மீட்டர், நாலு போர்ஷன்

இதுதான் இருப்பதிலேயே சிக்கலான விஷயம். ஒரு மெயின் மீட்டர், ஓனர் பெயரில். ஒவ்வொரு போர்ஷனுக்கும் சப்மீட்டர், யூனிட்டுக்கு 8, 10 ரூபாய் என்று ஓனர் வசூல். கிருஹ ஜோதி மெயின் மீட்டருக்கு ஒன்றுதான். நாலு குடும்பம் சேர்ந்து ஓட்டுவதால் 200 தாண்டிவிடும், யாருக்கும் பயனில்லை. சில இடங்களில் மெயின் மீட்டருக்குப் பூஜ்ய பில் வர, சப்மீட்டருக்குப் பணம் வசூலாகும் கூத்தும் நடக்கிறது.

சண்டைக்குப் போகாமல் செய்யக்கூடியது: ஒவ்வொரு மாதமும் மெயின் பில்லின் போட்டோவைக் கேளுங்கள். மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்தால் உண்மையான விலை வரும். 290 யூனிட்டுக்கு 2,400 ரூபாய் பில் என்றால் யூனிட் 8.30 அளவில் நிற்கும். நிரந்தரக் கட்டணம், வரி எல்லாம் அதில் அடக்கம். ஓனர் 8.50 வாங்கினால் நியாயம், 12 வாங்கினால் பேச இடமிருக்கிறது. எல்லாப் போர்ஷன்காரர்களும் சேர்ந்து பேசினால்தான் பேச்சு எடுபடும். தனி மீட்டர் போடச் சொல்லலாம், ஆனால் அதற்கு ஓனரின் மனு வேண்டும். கட்டட நிறைவு, குடியேற்றச் சான்றுகள் பற்றிய 2024 டிசம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு புது இணைப்பில் கெடுபிடி கூடியது. அதனால் வாடகை ஒப்பந்தம் போடும்போதே "மெயின் பில்லின் விகிதப்படி" என்று ஒரு வரி எழுதி வாங்குவது நடைமுறைக்கு ஒத்தது.

தவணை கேட்கும் மனு

மொத்தமாகக் கட்ட முடியாத பாக்கிக்குத் தவணை கேட்க வேண்டிய இடம் பெஸ்காம் சப்டிவிஷன் ஆபீஸ். அங்கே உதவிச் செயற்பொறியாளர், அதாவது ஏ.இ.இ., இருப்பார். உங்கள் சப்டிவிஷன் எது என்று பில்லிலேயே இருக்கும். பணம் வாங்கும் கவுண்டரில் நிற்பவரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. தவணை என்பது தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல, அதிகாரி பார்த்து அனுமதிப்பது. எனவே மனு அவருக்கு "சரி" என்று எழுத வசதியாக இருக்க வேண்டும்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் கன்னடத்தில் எழுதித் தந்துவிடும். அதில் இருக்க வேண்டியவை: தேதி, பெயர், முகவரி, போன், அக்கவுண்ட் ஐடி, ஆர்.ஆர். நம்பர். மொத்த பாக்கி எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து. காரணம் ஒரே வரியில். பிறகு மிக முக்கியமானது, உங்கள் திட்டம். "பாக்கி 4,200 ரூபாய். இன்று 1,200 கட்டுகிறேன். மீதி 3,000-ஐ மாதம் 1,000 வீதம் மூன்று மாதத்தில், அந்தந்த மாத பில்லோடு சேர்த்துக் கட்டுகிறேன். அதுவரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்." தொகையும் மாதமும் சொல்லாமல் "கொஞ்சம் டைம் குடுங்க" என்று எழுதிய மனுவை மேசையின் ஓரத்தில் வைத்துவிடுவார்கள்.

கூடவே வேலை நீக்கக் கடிதம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள், கடைசியாகக் கட்டிய ரசீது, இவற்றில் இருப்பதன் நகல். வீட்டில் ஆக்சிஜன் கருவி போன்றவற்றை நம்பி இருக்கும் நோயாளி இருந்தால் மருத்துவர் சீட்டோடு அதையும் முதல் பாராவிலேயே எழுதுங்கள்.

இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதை வாங்காமல் திரும்பினால் போனதற்கு அர்த்தமே இல்லை. வாயால் சொல்ல வேண்டியிருந்தால் "ஸார், பாக்கி கந்துகளல்லி கட்டலு அவகாச கொடி" (பாக்கியைத் தவணையில் கட்ட அனுமதி கொடுங்கள்) என்றால் போதும். முதல் தவணைப் பணம் கையிலேயே இருக்கட்டும். அன்றைக்கே கட்டுகிறேன் என்பவருக்கு அனுமதி எளிதாகக் கிடைக்கும். அனுமதி கிடைத்தபின் போன் ஆப்பில் முழு பாக்கியும் தெரிந்துகொண்டுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். தவணையைக் கவுண்டரில், அனுமதித் தாளைக் காட்டிக் கட்டுங்கள். ஒரு தவணை தவறினால் ஏற்பாடு முறிந்துவிடும் என்பதால், முடிந்ததைவிடக் கொஞ்சம் குறைவான தொகையை ஒப்புக்கொள்வதே புத்திசாலித்தனம்.

டெபாசிட் நோட்டீஸ் என்று ஒன்று ஆண்டுக்கொரு முறை வரும். உங்கள் இரண்டு மாதச் சராசரி பில் அளவுக்கு டெபாசிட் இருக்க வேண்டும், குறைந்தால் கூடுதல் கேட்பார்கள். இது உங்கள் பணம்தான், ஆண்டு வட்டியும் பில்லில் வரவு வைக்கப்படும். ஆனால் கட்டாவிட்டால் இதற்கும் துண்டிப்பு உண்டு. தவணை மனுவில் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பில்லே தப்பு என்றால்

கட்ட முடியாதது வேறு, கட்ட வேண்டியதே இல்லாதது வேறு. 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முதலாவது, துண்டிப்பதற்கு முன் எழுத்தில் 15 முழு நாள் நோட்டீஸ் தர வேண்டும். இரண்டாவது, பில்லில் தகராறு இருந்தால், கேட்கும் தொகை அல்லது கடந்த ஆறு மாதத்தின் சராசரிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபணையோடு கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. மாதம் 700 கட்டிக்கொண்டிருந்தவருக்கு 9,000 வந்தால், சராசரித் தொகையான 700-ஐ "ஆட்சேபணையோடு" என்று எழுதிக் கட்டிவிட்டு வழக்காடலாம். மூன்றாவது, தொடர்ந்து பில்லில் காட்டப்படாமல் இரண்டு வருடத்துக்கு முந்திய பாக்கி என்று திடீரென ஒன்றை எடுத்து வந்தால், அதற்காக மின்சாரத்தைத் துண்டித்து வசூலிக்க முடியாது.

புகாரை பெஸ்காம் உதவி எண் 1912-இல் பதிந்து டாக்கெட் நம்பர் (புகாரின் பதிவு எண்) வாங்குங்கள். அதோடு நிற்காமல் சப்டிவிஷனில் எழுத்து மனு. மீட்டர் மேல் சந்தேகம் என்றால் மீட்டர் சோதனைக்குத் தனி மனு, சிறு கட்டணம் உண்டு. அங்கே தீராவிட்டால் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதன் தீர்ப்பும் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மின் குறைதீர்ப்பாளர். இதற்கெல்லாம் வக்கீல் தேவையில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு கதவு நிரந்தர மக்கள் நீதிமன்றம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்காக அமைந்தது. மின்சாரமும் குடிநீரும் அதில் அடங்கும். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் பேசலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோர் அதற்குத் தகுதியானவர்களில் அடக்கம்.

துண்டித்தே விட்டார்கள் என்றால், பணம் கட்டிய ரசீதோடு செக்‌ஷன் ஆபீசுக்குப் போய் மறு இணைப்பு கேளுங்கள். மறு இணைப்புக் கட்டணம் உண்டு. தெரிந்த எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட்டு ஃபியூசைச் சொருகுவது, பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுப்பது வேண்டவே வேண்டாம். துண்டித்த இணைப்பைத் தானே சேர்ப்பது 138-ஆம் பிரிவின் கீழ் குற்றம். மூன்று வருடம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 2,000 ரூபாய் பாக்கி கிரிமினல் கேசாக மாறுவது இப்படித்தான்.

தண்ணீர்

ஜலமண்டலி, அதாவது பெங்களூர் குடிநீர் வாரியத்தின் கட்டணம் 11 வருடம் கழித்து 2025 ஏப்ரலில் உயர்ந்தது. முதல் 8,000 லிட்டர் வரை லிட்டருக்கு 0.15 பைசாதான் ஏற்றம், மேலே போகப் போக ஏற்றமும் பெரிது, 50,000 லிட்டருக்கு மேல் ஒரு பைசா. ஆகவே நாலு பேர் வீட்டில் காவேரித் தண்ணீர் பில் ஒரேயடியாக ஆயிரக்கணக்கில் வந்தால், அது கட்டண உயர்வு அல்ல, கசிவு. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, சம்ப்புக்கு (நிலத்தடித் தொட்டிக்கு) போகும் வால்வையும் அடைத்துவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். காலையில் மாறியிருந்தால் மீட்டருக்கும் சம்ப்புக்கும் நடுவில் பைப் ஓட்டை. மாறவில்லையென்றால் சம்ப்பின் மிதவை வால்வைப் பாருங்கள். அது தேய்ந்து நிரம்பி வழிவது வெளியே தெரியாமலே நடக்கும்.

பாக்கிக்குத் தவணை கேட்பது இங்கேயும் அதே மாதிரி: ஜலமண்டலி சப்டிவிஷன் ஏ.இ.இ.க்கு மனு, இரண்டு பிரதி, முத்திரை. புகார் எண் 1916. ஜலமண்டலி சப்டிவிஷன்களில் நடத்தும் நீர் அதாலத் என்ற குறைதீர் கூட்டத்தில் பில் தகராறுகளை எடுத்துக்கொள்வார்கள். எப்போது என்று அதே எண்ணில் கேட்டு, பில், ரசீது, மீட்டர் போட்டோவோடு போங்கள். வாடகைக்காரர் பெயரில் இணைப்பு இராது என்பதால் ஓனர் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

காவேரி இணைப்பே இல்லாமல் டேங்கருக்குக் கொட்டிக் கொடுப்பவர்களுக்கு, 2025-இல் வந்த சரள காவேரி திட்டத்தில் இணைப்புக் கட்டணத்தில் 20 சதவீதம் முதலில் கட்டி மீதியை 12 மாதத் தவணையில் கட்டலாம். 2024 அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டம் திறந்தபின் புறநகரின் 110 கிராமங்களுக்கும் தண்ணீர் வருவதால், டேங்கர் செலவோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காஸ்

வீட்டில் காஸ் இணைப்பே இல்லாத ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு மத்திய அரசின் உஜ்வலா திட்டம். டெபாசிட் இல்லாத இணைப்பு, முதல் சிலிண்டரும் அடுப்பும் இலவசம். 2025-26-க்கு, 14.2 கிலோ சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம், ஆண்டுக்கு ஒன்பது சிலிண்டர் வரை. ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் ரேஷன் கார்டுக்கும் முகவரிச் சான்றுக்கும் பதிலாகச் சுயஉறுதிமொழி கொடுக்கலாம் என்று உஜ்வலா 2.0-வில் வழி இருக்கிறது. ஆனால் ஊரில் அதே குடும்பத்தில் யார் பெயரிலாவது இணைப்பு இருந்தால் கிடைக்காது. விவரத்துக்கு 1800-266-6696. மொத்தமாகச் சிலிண்டர் பணம் புரட்ட முடியாத மாதத்தில் 5 கிலோ சிலிண்டர் கைகொடுக்கும். கிலோ கணக்கில் விலை கூடுதல்தான், தெரிந்தே வாங்குங்கள்.

பணம் புரட்டும் இடமும், புரட்டக் கூடாத இடமும்

கர்நாடக ரேஷன் கார்டு இருந்தால் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் கிருஹ லட்சுமி. தமிழ்நாட்டு கார்டு முன்னுரிமை அல்லது அந்தியோதயா வகையாக இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் முறையில் அரிசியை பெங்களூர் ரேஷன் கடையிலேயே வாங்கலாம்; மிச்சமாகும் அரிசிப் பணம் பில்லுக்கு ஆகும். வேலையிடத்தில் அட்வான்ஸ், பங்குக் கோயிலில் இயங்கும் வின்சென்ட் தெ பால் சபை, ஜமாத்தின் ஜகாத் நிதி ஆகியவற்றில் கேட்கும்போது பில்லையே எடுத்துப் போய் "காசா வேண்டாம், இந்த அக்கவுண்ட் ஐடிக்கு நீங்களே கட்டிருங்க" என்று சொல்லிப் பாருங்கள். கொடுப்பவருக்குத் தயக்கம் குறையும்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, போன் லோன் ஆப் பக்கம் பில்லுக்காகப் போகாதீர்கள். பெஸ்காம் தாமதத்துக்கு வாங்கும் வட்டி மாதம் 1 சதவீதம் அளவில்தான். 3,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 30 ரூபாய். அதை அடைக்கப் பத்து வட்டிக்கு வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

"இன்று இரவு 9.30-க்கு உங்கள் கரண்ட் கட் செய்யப்படும், இந்த நம்பருக்குப் பேசுங்கள்" என்று வரும் மெசேஜ் மோசடி. பாக்கி உள்ளவர்கள்தான் இதில் பதறி மாட்டுகிறார்கள். அந்த நம்பரைக் கூப்பிடாமல், லிங்க்கைத் தொடாமல், பெஸ்காம் மித்ரா ஆப்பிலோ 1912-இலோ உங்கள் அக்கவுண்ட் ஐடியைச் சொல்லி உண்மை பாக்கியைப் பாருங்கள். பணம் போய்விட்டிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930. அடுத்து வங்கிக்குப் பேசி கணக்கை முடக்குங்கள்.